பட்டுக்கோட்டையார் பாட்டை எந்த ஃபார்மட்டில் சேமிப்பது?

ஒரு சின்ன சோதனை. பழைய தமிழ் பிடிஎஃப் ஒன்றைத் திறந்து, அதிலிருந்து ஒரு ஊர்ப்பெயரைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். 'பட்டுக்கோட்டை' பல நேரங்களில் 'பட்டுக்ேகாட்ைட' என்று வந்து விழும்! எந்த எழுத்துருவம் பக்கத்தில் எங்கே நிற்கிறது என்பதுதான் பிடிஎஃபுக்கு முக்கியம். கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிவதால் முன்னாலேயே வெளியே வருகிறது. அப்புறம் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பார்க்க அழகா இருக்கிறது வேற, திரும்பப் பயன்படுத்த முடிகிறது வேற.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் (1930–1959) பாடல்களையே எடுத்துக்கொள்வோம். அவருடைய படைப்புகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. அவற்றைத் தொகுத்து புத்தகம், இணையதளம், மொபைல் ஆப் மூன்றையும் ஒரே ஃபைலிலிருந்து எடுக்க வேண்டும் என்று வையுங்கள். எந்த ஃபார்மட் கைகொடுக்கும்?

1. எச்டிஎம்எல்

பிரவுசரில் உடனே தெரியும். ஆனால் தலைப்பு, பத்தி, பட்டியல் என்பதற்குத்தான் அதில் டேக் உண்டு. பல்லவி, சரணம் என்று தனி டேக் கிடையாது. கிளாஸ் பெயர் வைத்துச் சமாளிக்கலாம். ஆளுக்கொரு பெயர் வைத்தால் கதை கந்தல்.

2. மார்க்டவுன்

ஜான் க்ரூபர் 2004-ல் வெளியிட்டது. டைப் செய்ய இதைவிட எளிது இல்லை. பாட்டுக்கு மட்டும் ஒரு சிக்கல்: அடுத்தடுத்த வரிகளை ஒரே பத்தியாக ஒட்டிவிடும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு ஸ்பேஸ் விட வேண்டும். கண்ணுக்கே தெரியாத அந்த ஸ்பேஸை எடிட்டர் ஒன்று அழித்துவிட்டால் பாட்டு உரைநடை ஆகிவிடும்!

3. ஜேசன்

{"படம்": "கல்யாணப் பரிசு", "ஆண்டு": 1959, "இசை": "ஏ.எம்.ராஜா"}

விவரப் பட்டியலுக்கு அருமை. ஆப் எழுதுபவர்களுக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் ஒரு வரிக்கு நடுவில் இருக்கும் ஒரு சொல்லுக்கு மட்டும் பொருள் தர வேண்டுமென்றால் அந்த வரியையே துண்டு துண்டாக வெட்ட வேண்டியிருக்கும்.

4. எக்ஸ்எம்எல்

1998 பிப்ரவரியில் டபிள்யூ3சி பரிந்துரையாக வந்தது. டேக் பெயரை நாமே வைக்கலாம், தமிழிலேயே வைக்கலாம்!

<பாடல் படம்="கல்யாணப் பரிசு" ஆண்டு="1959">
<பல்லவி>
<வரி>… <சொல் பொருள்="…">…</சொல்> …</வரி>
</பல்லவி>
</பாடல்>

வரி உடையவில்லை, சொல்லும் தனியாகத் தெரிகிறது. டைப் செய்ய அலுப்புதான். ஒரு டேக்கை மூட மறந்தால் பார்சர் ஃபைலையே ஏற்காது. இலக்கியப் பிரதிகளுக்கென்றே 1987-ல் தொடங்கிய டிஇஐ முயற்சியும் இன்று எக்ஸ்எம்எல்லைத்தான் பயன்படுத்துகிறது. பாவின் அடிக்கு ஒரு டேக், அடிகளின் தொகுதிக்கு ஒரு டேக் என்று அதில் ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கிறார்கள்.

அப்போ எதை எடுப்பது?

கட்டுரை, லேப் ரிப்போர்ட் என்றால் மார்க்டவுன். விவரங்கள் மட்டும் என்றால் ஜேசன். வரிக்குள் குறிப்பு வேண்டும் என்றால் எக்ஸ்எம்எல். எச்டிஎம்எல்லும் பிடிஎஃபும் கடைசியில் வெளியே வரும் வடிவங்கள். மூலமாக அவற்றை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இது வெறும் பாடப்புத்தகப் பேச்சு இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் ஒரு காலத்தில் டிஸ்கி குறியாக்கத்தில் நூல்களை வெளியிட்டு வந்தது, பிறகு யூனிகோடுக்கு மாறியது. எழுத்தாகச் சேமித்து வைத்திருந்ததால் நிரல் கொண்டே மாற்ற முடியும். வெறும் ஸ்கேன் படமாக வைத்திருந்தால்? முதலிலிருந்து டைப் அடிக்க வேண்டியதுதான். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் ஒரே நூலை இபப், மோபி, பிடிஎஃப் என்று பல வடிவங்களில் தருகிறது. ஒரு இபப் ஃபைலின் பெயர்நீட்சியை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே முக்கியமாக இருப்பவை நாம் மேலே பார்த்த எச்டிஎம்எல்லும் எக்ஸ்எம்எல்லும்தான்!

இந்த வாரமே செய்து பாருங்கள்: உங்கள் ஊர்க் கவிஞர் ஒருவரின் நாட்டுடைமையான பாடல்கள் பத்தை மார்க்டவுனில் டைப் செய்து, பேண்டாக் என்ற இலவச மென்பொருளில் கொடுங்கள். இபப், வேர்டு, வலைப்பக்கம் மூன்றும் வந்துவிடும். அதில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த மூன்று ஃபைலைத் தொட வேண்டாம். மூலத்தில் ஒருமுறை திருத்தினால் போதும்.