முழுப்பேரா, அரைப்பேரா?

அப்புத்தளையிலும் பதுளையிலும் இருந்து மென்பொருள் வேலைக்குப் புதிதாகப் போயிருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு:

1. பில்ட் பச்சை காட்டியதும் எழும்பிப் போகாதீர்கள். எத்தனை டெஸ்ட் ஓடின என்று பாருங்கள். ஓடியவற்றில் ஒன்றும் ஃபெயில் ஆகவில்லை என்பதற்குத்தான் பச்சை. ஓடாததைப் பற்றி அது வாய் திறக்காது. செக்ரோல் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைநாள் சம்பளம்தான், அதாவது அரைப்பேர். பில்டோ அரைப்பேர் வேலை செய்துவிட்டுத் தனக்குத் தானே முழுப்பேர் போட்டுக்கொள்ளும். தட்டிக்கேட்கக் கணக்கப்பிள்ளை நீங்கள்தான்.

2. பெயரில் கவனம். மேவனில் ஷுவர்ஃபயர், 'டெஸ்ட்' என்று தொடங்குகிற, அல்லது டெஸ்ட், டெஸ்ட்ஸ், டெஸ்ட்கேஸ் என்று முடிகிற கிளாஸ்களைத்தான் தானாகத் தேடி எடுக்கும். 'சேலரிசெக்' என்று பெயர் வைத்தால் அது காலத்துக்கும் ஓடாமல் கிடக்கும், எரரும் வராது. 'ஐடி' என்று முடியும் இன்டக்ரேஷன் டெஸ்ட்களை ஓட்ட ஃபெயில்சேஃப் வேண்டும். அதையும் சேர்த்து 'வெரிஃபை' வரை போகவேண்டும், 'பேக்கேஜ்' உடன் நின்றால் அவை ஓடா. பைடெஸ்ட் இதில் பரவாயில்லை: ஒரு டெஸ்டும் கிடைக்காவிட்டால் எக்ஸிட் கோட் 5 கொடுத்து பில்டை நிறுத்திவிடும்.

3. லாகைச் சேமிக்க, டெஸ்ட் கட்டளைக்குப் பின்னால் பைப் போட்டு 'டீ'க்கு அனுப்புவார்கள் (நம் ஊர் டீ இல்லை). பாஷ் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான் பார்க்கும். டெஸ்ட் ஃபெயில் ஆனாலும் பில்ட் பாஸ். 'பைப்ஃபெயில்' போட மறக்காதீர்கள்.

4. "இன்றைக்கு மட்டும்" என்று போட்ட ஸ்கிப்பை யாரும் திரும்ப எடுப்பதில்லை. போடத்தான் வேண்டுமென்றால் காரணத்தையும் திகதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

5. எல்லா டெஸ்டும் எதற்கு என்று கேட்பவருக்கு நம் அடையாள அட்டை இலக்கத்தைக் காட்டுங்கள். அதிலிருந்து பிறந்த திகதியை எடுக்கும் கோடைப் பையன்கள் தங்கள் இலக்கத்தைப் போட்டுப் பார்ப்பார்கள், சரியாக வரும். ஆனால் பெண்களுக்கு, வருஷத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தார்கள் என்ற எண்ணோடு 500 கூட்டியிருக்கும். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். இன்னொன்று, எந்த வருஷமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் வைத்தே எண்ணுகிறார்கள். ஆகவே 1995 மார்ச் 1 இல் பிறந்த ஆணுக்கு 60 அல்ல, 61. பெண்ணுக்கு 561. தோட்டத்துச் சம்பள மென்பொருளில் அந்த 561க்கான டெஸ்ட் ஓடாமல் போனால், கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவரின் வயதுதான் பிழையாகப் பதிவாகும். சேமலாப நிதி எடுக்கப் போகும் நாளில்தான் அது அவருக்கே தெரியவரும்.

6. மெதுவாக ஓடுகிறது என்று வெட்டிக் குறைக்காதீர்கள். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் சின்ன டெஸ்ட்கள் போதும், மெயினில் சேர்க்கும் முன் முழுவதும் ஓடட்டும். இரவு பில்ட் வைத்தால், காலையில் அதைப் பார்க்கப் போகிறவர் யார் என்பதையும் முடிவு செய்யுங்கள்.

7. சந்தேகமா? தனிக் கிளையில் ஒரு டெஸ்டை வேண்டுமென்றே உடைத்து அனுப்புங்கள். சிவப்பு வராவிட்டால் அந்த டெஸ்ட் ஓடவே இல்லை, அல்லது அதன் முடிவு பில்டுக்குப் போய்ச் சேரவில்லை.

8. டெஸ்ட் எண்ணிக்கையை ஒரு கோப்பில் எழுதி, அதற்குக் கீழே போனால் பில்ட் ஃபெயில் ஆகும்படி சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று வையுங்கள். டெஸ்டை நீக்குகிறவர் அந்த எண்ணையும் தன் கையாலேயே மாற்றிக் கமிட் செய்யட்டும். ரிவியூவில் ஏன் என்று கேட்க இடம் கிடைக்கும்.