சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு காசுகள்



நல்ல சமாரியனின் உவமை நமக்கு மனப்பாடம். எருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு இறங்கும் பாதை, கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவன், கண்டும் காணாதவர் போல் விலகிப் போன குருவும் லேவியனும், பிறகு கழுதையில் வந்த சமாரியன். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் படம் வரைந்தாலும், காயத்தில் எண்ணெய் வார்த்துத் துணி கட்டும் காட்சியைத்தான் வரைவார்கள். பெரியவர்களாகிய நாமும் பெரும்பாலும் அந்தக் காட்சியோடு நின்று விடுகிறோம்.

லூக்கா 10ஆம் அதிகாரத்தைச் சற்று மெதுவாக வாசித்தால் உவமை அங்கே நிற்கவில்லை என்பது தெரியும். சமாரியன் அவனைத் தன் கழுதையில் ஏற்றி ஒரு சத்திரத்துக்குக் கொண்டு போகிறான். இரவு முழுவதும் பார்த்துக் கொள்கிறான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, இவனைக் கவனித்துக்கொள், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்கிறான். ஒரு தெனாரியம் அக்காலத்தில் கூலியாளின் ஒரு நாட் சம்பளம். ஆகவே இரண்டு நாட் கூலியும், முடிவு தெரியாத ஒரு கடனும்.

காயம் கட்டுவது ஒரு நாழிகை வேலை. அதற்குப் பிறகு வரும் நாட்களுக்கு ஒரு சத்திரம் வேண்டும். இது கல்லடி மக்களுக்கு விளக்க வேண்டிய விஷயமல்ல. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது பாடசாலை வகுப்பறைகளும் ஆலய மண்டபங்களுமே நமக்குச் சத்திரமாயின. முதல் இரவில் சோற்றுப் பொதியோடு ஓடி வந்தவர்கள் பலர். மூன்றாம் மாதத்தில் வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை அங்கே பாயில் படுத்திருந்தவர்கள் அறிவார்கள்.

இந்த வாரம் அந்தச் சத்திரத்தின் கதையை, கடல் கடந்து போன நம்மவர் வாழ்க்கையில் வைத்துப் பார்ப்போம். இடம் தென்னாபிரிக்கா.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் நாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கூலிகளாகப் போன முதல் இந்தியர் அதில் இருந்தார்கள். முதலாண்டுச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். அவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர். அங்கே பணியாற்றிய பிரெஞ்சுக் குருவானவர் சபோன் அடிகள் அமலமரித் தியாகிகள் சபையினர்; யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நம் முன்னோருக்கு மறைபோதித்த அதே சபை. இந்த மக்களுக்காக அவர் தமிழ் கற்றார்.

அவர் தமிழ் கற்றது சிறிய காரியமல்ல. அந்நிய நாட்டில் நோயுற்றவனுக்கு மருந்துக்கு முன்னே மொழி வேண்டும். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து வலிக்கிறது என்று சொல்ல முடியாதவனுக்கு எந்த வைத்தியரும் பாதி வைத்தியரே. 1894இல் பாலசுந்தரம் என்னும் தமிழ்க் கூலியாள், எசமான் அடித்ததில் முன்பற்கள் உடைந்து, வாயில் இரத்தம் வடிய, தலைப்பாகையைக் கையிலெடுத்துக் கொண்டு டேர்பனில் ஓர் இளம் வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு வந்து அழுதான். அவ்விளைஞர் காந்தியடிகள். அவருக்குத் தமிழ் தெரியாது. அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த ஒரு தமிழரே அவன் கதையைச் சொன்னார். காந்தியடிகள் உடனே அவனை ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் பெற்றார். அதைக் கொண்டே அவனை வேறு எசமானிடம் மாற்ற முடிந்தது.

சில ஆண்டுகளின் பின் அவர் வீட்டு வாசலில் ஒரு தொழுநோயாளி வந்து நின்றான். மாந்தீவை வாவியில் வைத்துக்கொண்டு வாழும் நமக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தொழுநோயாளியைத் தண்ணீருக்கு அப்பால் வைப்பதே அக்காலத்து வழக்கம். காந்தியடிகளுக்கு அவனை ஒருவேளைச் சோறு கொடுத்து அனுப்பி விட மனம் வரவில்லை. வீட்டில் தங்க வைத்தார். புண்களைக் கழுவிக் கட்டினார். ஆனால் எத்தனை நாள்? தொடர்ந்து வைத்திருக்கத் தமக்கு வசதியும் இல்லை, மனத்துணிவும் இல்லை என்று ‘சத்திய சோதனை’யில் அவரே ஒப்புக்கொள்கிறார். அவனை ஒப்பந்தக் கூலிகளுக்கான அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்பி விட்டார்.

இந்த ஒப்புதலை நான் மிகவும் மதிக்கிறேன். நல்லெண்ணம் உள்ளவர்கள் தங்கள் நல்லெண்ணம் எந்த இடத்தில் முடிந்தது என்று எழுதி வைப்பது அரிது. அவரோ அந்த இடத்திலிருந்தே அடுத்த அடியை வைத்தார். நிலையான பணி ஒன்று வேண்டும் என்று மனம் அரித்தது. டேர்பனில் டாக்டர் பூத் என்பவர் வைத்தியராகவும் ஆங்கிலிக்கன் குருவாகவும் இருந்து, புனித எய்டன் மிஷன் மூலம் ஏழை இந்தியருக்கு இலவசமாக வைத்தியம் செய்து வந்தார். பார்சி ருஸ்தம்ஜி என்னும் வணிகர் பணம் கொடுத்தார். ஒரு சிறு தர்ம வைத்தியசாலை எழுந்தது. காந்தியடிகள் தம் வழக்குகளில் சிலவற்றை நண்பரிடம் ஒப்படைத்து விட்டுத் தினமும் காலையில் போக்குவரவு உட்பட இரண்டு மணித்தியாலம் அங்கே செலவிட்டார். நோயாளியின் முறைப்பாட்டைக் கேட்பது, டாக்டரிடம் சொல்வது, எழுதிக் கொடுத்த மருந்தைக் கலந்து கொடுப்பது, இவையே வேலை. வந்தவர்களிற் பெரும்பாலோர் தமிழர், தெலுங்கர், வடஇந்தியர் ஆகிய ஒப்பந்தக் கூலிகள்.

ஓர் இந்து, ஓர் ஆங்கிலிக்கன், ஒரு பார்சி. இம்மூவரில் ஒருவரும் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர் என்று யாரேனும் குறைப்படலாம். சமாரியனும் யேசுவைக் கேட்டுக் கொண்டிருந்தவர்களின் ஆலயத்தைச் சேர்ந்தவனல்லன். அதனால்தான் அவனை உவமையில் வைத்தார்.

அங்கே கற்ற தாதித் தொழில் வீண் போகவில்லை. 1899இல் போவர் யுத்தம் தொடங்கியதும் ஏறக்குறைய 1,100 இந்தியர் காயப்பட்டோரைச் சுமக்கும் படையொன்றாகத் திரண்டனர். சுமார் 300 பேர் சுதந்திர இந்தியர், எஞ்சியோர் ஒப்பந்தக் கூலிகள். டாக்டர் பூத்தும் உடன் போனார். தூக்குப்படுக்கைகளோடு சில நாட்களில் இருபது, இருபத்தைந்து மைல் நடந்தார்கள்.

ஆனால் உண்மையான சோதனை 1904இல் ஜோகானஸ்பேர்க்கில் வந்தது.

அந்நகரில் இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்பைக் ‘கூலி லொக்கேஷன்’ என்று அழைத்தார்கள். 99 வருடக் குத்தகைக்குக் காணி பெற்று மக்கள் அங்கே குடியேறியிருந்தார்கள். சனம் பெருகியது, இடம் பெருகவில்லை. வடிகாலும் மலசலகூட வசதியும் செய்து கொடுக்க வேண்டிய மாநகரசபை அதைச் செய்யாமல் விட்டு, பிறகு அந்த அசுத்தத்தையே காரணங் காட்டிக் காணிகளைச் சுவீகரித்தது. சொந்தக்காரர்கள் அங்கேயே வாடகைக்காரராயினர். நெருக்கடி இன்னும் கூடியது. 1904 பெப்ரவரி 11ஆம் திகதி காந்தியடிகள் நகரச் சுகாதார அதிகாரி டாக்டர் போட்டருக்குக் கடிதம் எழுதி, இப்படியே போனால் தொற்றுநோய் வெடிக்கும் என்று எச்சரித்தார்.

மார்ச் மாதத்தில் வெடித்தது. அருகிலிருந்த தங்கச் சுரங்கமொன்றில் வேலை செய்த இந்தியரில் 23 பேர் ஒரே மாலையில் நோயோடு குடியிருப்புக்குத் திரும்பினார்கள். நுரையீரலைத் தாக்கும் கொள்ளைநோய் அது. கட்டிகளோடு வரும் பிளேக்கை விடக் கொடியது. இருமலிலும் மூச்சிலும் பரவும். அதற்கு ஏற்ற மருந்து 1940களில்தான் கிடைத்தது. 1904இல் அகப்பட்டவர் பிழைப்பது அரிது.

‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகைக்குச் சந்தா சேர்க்க அங்கே போயிருந்த மதன்ஜித் என்பவர், பூட்டிக் கிடந்த ஒரு வெறும் வீட்டின் பூட்டை உடைத்து நோயாளர் அனைவரையும் உள்ளே கிடத்தினார். பென்சிலால் ஒரு துண்டு எழுதிக் காந்தியடிகளுக்கு அனுப்பினார். அவர் துவிச்சக்கர வண்டியில் விரைந்தார். வீட்டை உடைத்த காரணத்தை நகரசபைக்கும் எழுதி அறிவித்தார். நேட்டாலின் இந்தியக் கிறிஸ்தவக் குடும்பமொன்றைச் சேர்ந்த டாக்டர் வில்லியம் கொட்ஃபிரி செய்தி கேட்டதும் ஓடி வந்தார். அவரே வைத்தியர், அவரே தாதி.

இருபத்து மூன்று பேருக்கு மூவர் போதாது. காந்தியடிகளின் அலுவலகத்தில் நான்கு இந்திய இளைஞர் வேலை செய்தார்கள். கல்யாண்தாஸ், மாணிக்லால், குணவந்தராய் தேசாய். நான்காமவர் பெயர் எழுதும்போது தமக்கு ஞாபகமில்லை என்கிறார். நால்வரும் உடனே சம்மதித்தார்கள். அதே அலுவலகத்திலிருந்த ரிட்ச் என்னும் ஆங்கிலேயரும் வருவதற்கு ஆயத்தமாயிருந்தார். அவருக்குப் பெரிய குடும்பம்; ஆகவே காந்தியடிகள் அவரை உள்ளே விடவில்லை. தியாகம் என்ற பெயரில் பிறர் பிள்ளைகளின் தகப்பனைச் செலவழிக்க அவர் விரும்பவில்லை. பொதுப்பணிக்கு ஆள் சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த இரவு அவர்கள் மருந்து கொடுத்தார்கள், படுக்கையைச் சுத்தஞ் செய்தார்கள், நோயாளருக்குத் தைரியம் சொன்னார்கள். விடியும்வரை ஒருவரும் இறக்கவில்லை. மறுநாள் நகரசபை நன்றி தெரிவித்து ஒரு வெற்றுப் பண்டகசாலையைக் கொடுத்தது. அதைக் கூட்டிக் கழுவிக் கொடுக்கவில்லை. இவர்களே கழுவினார்கள். இந்திய வணிகர்களிடம் கட்டிலும் மற்றச் சாமான்களும் இரந்து பெற்று வைத்தியசாலையாக்கினார்கள். சத்திரம் கிடைத்து விட்டது. தூசியும் பூட்டுமாகக் கிடைத்தது.

நகரசபை ஒரு தாதியையும் அனுப்பியது. பிராந்தியும் வைத்தியசாலைப் பொருட்களும் கொண்டு வந்தார். நோய் தடுக்குமென்று பராமரித்தவர்களையும் பிராந்தி அருந்தச் சொன்னார்; அவர்கள் மறுத்து விட்டார்கள். அன்பான பெண்மணி. நோயாளரைத் தொட்டுப் பணி செய்ய ஆசைப்பட்டார். தொற்றி விடுமே என்று இவர்கள் அவரை அதிகம் நெருங்க விடவில்லை. டாக்டர் கொட்ஃபிரியின் அனுமதியோடு காந்தியடிகள் மூன்று நோயாளருக்கு ஈரமண் பற்றுப் போட்டார். அவர்களில் இருவர் பிழைத்தனர். மற்ற 21 பேரும் இறந்து போனார்கள். மண்ணுக்கு அந்தச் சக்தி உண்டென்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். மூவரை வைத்து மருந்தை நிறுக்க முடியாது.

சில நாட்களில் அந்தத் தாதிக்கும் நோய் கண்டது. உடனே இறந்தார். அவருடைய பெயரைக் காந்தியடிகளின் நூலில் நான் காணவில்லை.

பின்பு குடியிருப்பு மக்கள் அனைவரும் விசேட புகையிரதத்தில் கிளிப்ஸ்புருயிட் என்னுமிடத்துக்குக் கொண்டு போகப்பட்டுக் கூடாரங்களில் தங்க வைக்கப்பட்டார்கள். பழைய குடியிருப்பை மாநகரசபை தீ வைத்துக் கொளுத்தியது. எச்சரிக்கைக் கடிதம் எழுதப்பட்ட நாளில் வடிகால் வெட்ட ஆகியிருக்கும் செலவு, அந்தத் தீயின் செலவை விட அதிகமாயிருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதே காலத்தில் நம் திருச்சபையிலும் ஒரு பெண் சத்திரம் தேடி அலைந்தார். இத்தாலியரான பிரான்செஸ்கா சவேரியா கப்ரினி 1889இல் நியூயோர்க் சேர்ந்தார். அங்கே குடியேறிய ஏழை இத்தாலியர் ஆங்கிலம் தெரியாமல் வைத்தியசாலைகளில் பட்ட பாட்டைக் கண்டு 1892இல் கொலம்பஸ் வைத்தியசாலையைத் திறந்தார். 1905இல் சிக்காகோவில் பெரிய ஹோட்டல் ஒன்றை வாங்கி வைத்தியசாலையாக்கினார். உவமையின் சத்திரம் அங்கே எழுத்துப்படியே சத்திரமாயிருந்தது! அந்தக் கட்டிடத்திலேயே 1917 டிசம்பர் 22ஆம் திகதி காலமானார். 1946இல் புனிதராக உயர்த்தப்பட்டார். 1950இல் குடியேறியோரின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்டார்.

நம் நாட்டு மலையகத்துக்கும் கதை உண்டு. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென 1872இலும், மீண்டும் 1912இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார்க் கப்பற்பாதை திறந்த பின் வந்தோர் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டு, நோயில்லை என்று கண்ட பின்னரே அனுப்பப்பட்டார்கள். அந்த முகாம் தோட்டங்களுக்குள் நோய் வராமற் காத்தது. வந்தபின் லயத்து அறையில் காய்ச்சலோடு கிடந்தவனுக்கு இரவில் தண்ணீர் கொடுத்தவர் பக்கத்து அறைக்காரர்தான்.

உவமையில் அதிகம் பேசப்படாதவன் சத்திரக்காரன். அவனுக்குப் பெயரில்லை, பேச்சுமில்லை. காசு வாங்கினான் என்பதோடு சரி. ஆனால் சமாரியன் போன பின் புண்ணைக் கழுவியவன் அவன்; அறையைக் கூட்டியவன் அவன்; செலவு கூடியபோது ஓர் அந்நியனின் வாக்கை நம்பிக் கணக்கில் எழுதியவனும் அவன்.

இந்த வாரம் வீட்டிற் செபமாலை முடிந்ததும் லூக்கா 10:25–37ஐப் பெரிய பிள்ளையொன்றை வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பின் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: மூன்றாம் நாள் காலையில் அந்தக் காயப்பட்டவனுக்குக் கஞ்சி கொடுத்தது யார்?