கனவின் கடைசி அடி

கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரங்களில் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்தன. பொழுது விடியும் முன்னரே பெற்றோர் பால்மரம் சீவப் புறப்பட்டுவிடுவர். லயத்து வீடுகளில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். வெயில் காலத்தில் முற்றிய இரப்பர்க் காய்கள் 'பட்'டென வெடிக்கும். விதைகள் தெறித்துத் தகரக் கூரையில் விழும். பகலில் கேட்ட அந்த ஓசை, இரவுக் கனவில் பூச்சாண்டியின் காலடியாக மாறிவிடும்.

கனவு எப்போது வருகிறது? உறக்கத்தின் ஒரு கட்டத்தில், மூடிய இமைகளுக்குள் நம் கண்கள் விரைவாக அசைகின்றன. தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் தோன்றுகின்றன. பின்னிரவில் இக்கட்டம் நீள்வதால், கெட்ட கனவு கண்ட பிள்ளை பெரும்பாலும் விடியலுக்குச் சற்று முன்புதான் திடுக்கிட்டு விழிக்கிறது. தோட்டத்து அம்மா வேலைக்குக் கிளம்பும் நேரமும் அதுவே. அப்போது அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் சொல்வது யார்?

அந்த ஆறுதலைப் பாட்டு தர முடியும். தாலாட்டு நம்மை உறங்க வைக்கிறது. சிறுவர் கவிதையோ விழித்தபின் துணை நிற்கிறது. தமிழ்நாட்டின் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் (1922–1989), நம் நாட்டின் முரசு நெடுமாறனும் எளிய சொல்லும் இனிய ஓசையும் கொண்டு சிறுவர்களுக்காகப் பாடினர். அவ்வழியில் நாமும் ஒரு கெட்ட கனவைப் பாடிப் பார்ப்போம்:

'பட்பட்' டென்று கூரையிலே
தட்டிச் சென்றது யாரம்மா?
எட்டிப் பார்த்தேன் விடிந்ததுமே
கொட்டிக் கிடக்குது விதையம்மா!

முதலிரண்டு அடிகளில் அச்சம் இருக்கிறது. பின்னிரண்டு அடிகளில் அச்சத்தின் காரணம் தெரிகிறது. தட்டி, எட்டி, கொட்டி என்னும் எதுகை, கூரையில் விழும் ஓசையையே விளையாட்டாக்குகிறது. இரவில் அருகில் இல்லாத அம்மாவைப் பிள்ளை பாட்டுக்குள் அழைத்துக்கொள்கிறது.

உளவியல் வல்லுநர்களும் இதையொத்த பயிற்சி ஒன்றை அளிக்கின்றனர். கெட்ட கனவின் முடிவை விழித்திருக்கும்போதே மாற்றி எழுதி, அதை மனத்தில் திரும்பத் திரும்பக் காண வேண்டும். இப்படிச் செய்தால் அக்கனவு குறையக்கூடும்.

இன்று அத்தோட்டங்களில் பெரும்பாலானவை செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. ஆனால், இருளைக் கண்டு அஞ்சும் பிள்ளைகள் இன்றும் உள்ளனர். கோலசிலாங்கூரின் கம்போங் குவாந்தானில், சிலாங்கூர் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைகின்றன. அவை ஒன்றையொன்று ஒளியால் அறிந்துகொள்ள இருள் வேண்டும். பூச்சாண்டி வரும் அதே இருளில்தான் மின்மினியும் வருகிறது.

மாணவர்களே, உங்களை நடுங்க வைத்த கனவு எது? அதை மூன்று அடிகளில் எழுதுங்கள். நான்காவது அடியில் அதன் முடிவை நீங்களே மாற்றுங்கள்.