குறுக்கே வைக்கும் இஞ்சின்: உம்பாய்த் தம்பிக்கு ஒரு கடிதம்



நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழாய்ச் சட்டகத்தின் வெல்டிங் சுத்தமாக இருக்கிறது. பட்டறை வைத்துப் பிழைப்பவர்களிடமே இந்தச் சுத்தத்தைப் பார்ப்பது அபூர்வம். ஆசனத்துக்குப் பின்னால் மாஸ்டா 13பி ரோட்டரி இஞ்சினைக் குறுக்கே வைக்கப் போவதாக எழுதி, இஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் அடாப்டர் பிளேட்டை என்ன கனத்தில் வெட்டலாம் என்று கேட்டிருக்கிறாய். அதை இப்போது வெட்டவே வேண்டாம் என்பேன். எந்த கியர் பாக்ஸ் என்று நீ எழுதவில்லை. உன் காரைத் தீர்மானிக்கப் போவது அதுதான்.

குறுக்கே வைக்கும் யோசனையில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஒரு ரோட்டருக்கு 654 சிசி, இரண்டுக்கும் சேர்த்து 1308. ஒவ்வொரு ரோட்டரும் 80 மில்லிமீட்டர் அகலம்தான் என்பதால் இஞ்சின் நீளம் குறைவு. கியர் பாக்ஸைச் சேர்த்தாலும் இரண்டு பின் சக்கரங்களுக்கு நடுவில் அடங்கிவிடும். நேர்வாட்டில் வைத்தால் போர்ஷே, ஆடி போன்ற கியர் பாக்ஸ்களைத் தேடி அலைய வேண்டும். விலையைக் கேட்டதும் ஆசை போய்விடும்.

ரோட்டரியைக் குறுக்கே வைத்துப் பெரிய கம்பெனிகளும் பார்த்திருக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் 1973இல் ஃபிராங்க்பர்ட் கண்காட்சியில் வைத்த இரண்டு ரோட்டர் கோர்வெட்டில் இஞ்சின் நடுவில், அதுவும் குறுக்கே இருந்தது. அடிச்சட்டம் போர்ஷே 914இனுடையது. மறு வருஷமே அவர்கள் ரோட்டரியைக் கைவிட்டார்கள். இங்கிலாந்தில் ஓர் ஆர்வலர் அந்தக் காரைக் காப்பாற்றி வைத்திருந்தார். பின்னாளில் அதற்குள் போனது மாஸ்டா 13பி இஞ்சினும் கேடிலாக் முன்சக்கர கியர் பாக்ஸும். நீ செய்ய நினைப்பது ஏற்கெனவே ஓடியிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். சிட்ரோயன் ஜிஎஸ் பைரோட்டர் முன்பக்கத்தில் குறுக்கே வைத்த ரகம். பெட்ரோல் நெருக்கடி நேரத்தில் சந்தைக்கு வந்து 847 கார்களோடு நின்றுபோனது.

நம் ஆட்களில் பார்த்தால் கோயம்புத்தூர் கரிவர்தனைத்தான் முதலில் சொல்வேன். 1980களின் கடைசியில் ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கியவர். அதில் ரோட்டரி கிடையாது; மாருதி 800இன் 796 சிசி இஞ்சின்தான். வீதியில் முன்சக்கரத்தை இழுத்துக்கொண்டிருந்த அந்த இஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். எல்லாக் கடையிலும் சாமான் கிடைக்கும் காரிலிருந்து எடுத்ததால்தான் காசில்லாத பையன்களும் பந்தயத்துக்கு வர முடிந்தது. 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவையில் உள்ள பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

நீயும் அப்படி ஒரு காரிலிருந்து எடு. என் யோசனை டொயோட்டா எம்ஆர்2. அது பிறவியிலேயே நடு இஞ்சின், குறுக்கு இஞ்சின். பழைய கார்களைப் பாதியாக வெட்டி விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் பின்பாதி வந்தால் கியர் பாக்ஸை மட்டும் கழற்றி வாங்காதே. சப்-ஃபிரேம், டிரைவ் ஷாஃப்ட், சக்கர ஹப், கியர் மாற்றும் கேபிள் எல்லாவற்றையும் சேர்த்துப் பேரம் பேசு. கேபிள் இல்லாத கியர் பாக்ஸை வாங்கி, கம்பி வளைத்து லிவர் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது கியரைத் தேடியே ஆயுள் போய்விடும்.

இனி சுழலும் திசை. பெல்ட் இருக்கும் பக்கம் நின்று பார்த்தால் 13பி வலஞ்சுழியாகச் சுற்றும். டொயோட்டாவும் அப்படியே. அதனால் பெல்ட் பக்கம் காரின் வலப்புறம், கியர் பாக்ஸ் இடப்புறம் என்று வைத்தால் கார் முன்னால் போகும். பழைய ஹோண்டா பி வரிசை இஞ்சின் இடஞ்சுழி. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதன் கியர் பாக்ஸை அப்படியே மாட்டினால் உனக்கு ஐந்து ரிவர்ஸ் கியர் கிடைக்கும், முன்னால் போக ஒன்றே ஒன்று.

இப்படி வைக்கும்போது ஒரு லாபமும் ஒரு தொல்லையும் சேர்ந்தே வரும். நேர்வாட்டில் இருந்தபோது காரின் வலப்பக்கம் பார்த்திருந்த காற்று வாயும் எக்ஸாஸ்ட் வாயும் இப்போது பின்பக்கம் திரும்பும். உன் முதுகு சுடாது. ஆனால் டிஃபெரென்ஷியலும் இஞ்சினுக்குப் பின்னால்தான் இருக்கிறது. வலது டிரைவ் ஷாஃப்ட் சரியாக எக்ஸாஸ்ட் வாய்க்கு அடியிலோ அருகிலோ ஓடும். ரோட்டரியின் புகை 900 டிகிரியைத் தாண்டக்கூடியது. அதற்கு ஒரு சாண் தூரத்தில் ரப்பர் பூட் இருந்தால் எத்தனை நாள் தாங்கும்? மேனிஃபோல்டை மேல்நோக்கி வளைத்து, நடுவில் இரட்டைத் தகடு வைத்து, தகடுகளுக்கு இடையே காற்றுப் போக வழி விடு. இன்னொன்று: நான்கு பிளக்கும் ஆசனப் பக்கம் வந்துவிடும். ஆசனத்துக்குப் பின்சுவரில் திறந்து மூடும் பலகை வைக்காவிட்டால், பிளக் மாற்ற ஒவ்வொரு முறையும் இஞ்சினை இறக்குவாய். ரோட்டரிக்கு அடிக்கடி பிளக் மாற்ற வேண்டியிருக்கும்.

மவுண்டிங் விஷயத்தில் உன் படத்தை ஏற்க மாட்டேன். டிஃபெரென்ஷியல் தனியாக இருக்கும் நேர்வாட்டு இஞ்சினின் மவுண்டிங் தாங்குவது கியர் பாக்ஸ் வரைக்குமான முறுக்கை. குறுக்கே வைத்தால் டிஃபெரென்ஷியலும் அதே கூட்டுக்குள் இருப்பதால் சக்கரத்துக்குப் போகும் முழு முறுக்கின் எதிர்விசையும் உன் பிராக்கெட்டில் விழும். இஞ்சின் 200 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 3.2, இறுதி விகிதம் 4.3 என்று வை. பெருக்கினால் ஏறக்குறைய 2,750. கிளட்சை விட்ட கணத்தில் இஞ்சினின் முன்பக்கம் எழும்பி, தலை பின்னால் சாயப் பார்க்கும். கீழே இரண்டு ரப்பர் போதாது. மேலே ஒரு டார்க் ராட் சட்டகத்தின் முக்கோணச் சந்திப்பில் போய்ச் சேர வேண்டும். நீ காட்டியபடி குழாயின் நடுவில் வைத்தால் குழாய் வளையும்.

ஃபிளைவீல் பற்றி நீ ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. ரோட்டரிக்குப் பின்பக்கம் எதிர் எடை கட்டாயம். பழைய மேனுவல் இஞ்சின்களில் அது ஃபிளைவீலிலேயே வார்க்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டு டொயோட்டா கிளட்சுக்காகப் புதிதாக ஒன்றைக் கடைந்தால் எதிர் எடையும் போய்விடும். இஞ்சின் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். ஆட்டோ கியர் இஞ்சினில் எதிர் எடை தனித் துண்டாக வரும். உன் ரோட்டர்களுக்குப் பொருந்தும் துண்டைத் தேடிப் போட்டு, சமன் செய்த ஃபிளைவீலை அதன்மேல் முடுக்கு.

ஆயில் கூலரில் கஞ்சத்தனம் வேண்டாம். ரோட்டரியில் சூட்டின் கணிசமான பங்கு ஆயிலில் இறங்கும். மெர்லிமாவ் சாலையில் மத்தியான நெரிசலில் ஒரு முறை கொதித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் போய்விடும். பிறகு முழு இஞ்சினையும் பிரிக்க வேண்டியதுதான். கொட்டகைக்குள் நாலடி நகர்த்த வேண்டுமானால் ஸ்டார்ட் செய்யாதே, தள்ளு. குளிர்ந்த ரோட்டரியை உடனே நிறுத்தினால் பெட்ரோல் தேங்கி, அடுத்த முறை பிடிவாதம் செய்யும்.

சாலையில் ஓட்டும் ஆசை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்த காரில் இஞ்சின் மாற்றவே மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் வாகனச் சோதனையும் வேண்டும். சொந்தமாகக் கட்டிய சட்டகம் அதைவிடப் பெரிய வழக்கு. பந்தயத் தடத்துக்கான கார் என்று இப்போதே முடிவு செய்து, லோரியில் ஏற்றிப் போகும் செலவையும் கணக்கில் சேர்.

கியர் பாக்ஸ் கைக்கு வந்ததும் இரண்டு அளவுகளை எடுத்து அனுப்பு. ஒன்று, கியர் பாக்ஸ் முகத்திலிருந்து இன்புட் ஷாஃப்டின் பற்கள் தொடங்கும் தூரம். மற்றது, இஞ்சினின் பின்முகத்திலிருந்து கிளட்ச் தட்டு உட்காரும் தூரம். பிளேட்டின் கனத்தை அவை இரண்டும்தான் சொல்லும். கனம் தெரிந்தபின் இரண்டு ஷாஃப்டின் மையமும் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்து, டவல் பின் துளை போடலாம். அந்த அளவுகள் வரும்வரை கடைசல் பட்டறைக்காரருக்கு முன்பணம் கொடுக்காதே.