பாடம் 6: மாட்டுத் தீனியில் கனியுப்புச் சத்தைக் கூட்டுவோம்

ஊர் திரும்பிய குடும்பத்துக்கு ஒரு பசு பெரிய பலம். பிள்ளைகளுக்குப் பால், தோட்டத்துக்கு எரு, கைச்செலவுக்குக் காசு. ஆனால் மாடு வயிறு நிறையத் தின்றும் சினைப்படாமல் இருந்தால், அடுத்த வருடம் பால் இல்லை. இதற்கு ஒரு காரணம் தீனியில் நுண்போசணைகள் போதாமல் இருப்பதாகும்.

நுண்போசணை என்றால் என்ன?

செம்பு, நாகம், அயடீன், கோபாற்று போன்ற கனியுப்புகள் மாட்டுக்கு மிகச் சிறிய அளவிலேயே தேவை. ஆனால் அவை குறைந்தால் பாதிப்பு பெரிது.

• செம்பு: மயிரின் நிறம் மங்கும், இரத்தச்சோகை வரும்.
• நாகம்: தோல் தடித்து வெடிக்கும், குளம்பு பழுதாகும்.
• அயடீன்: கன்று கழுத்து வீங்கிப் பிறக்கலாம், இறந்தும் பிறக்கலாம்.
• கோபாற்று: பசி குறைந்து மாடு மெலியும்.

குடற்புழு இருந்தாலும் மாடு மெலியும், இரத்தச்சோகை வரும். ஆகவே முதலில் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஏன் குறைகிறது?

வைக்கலும் முற்றிய புல்லும் வயிற்றை நிரப்பும், சத்துக் குறைவு. மண்ணும் ஒரு காரணம். மணல் நிலத்தில் சத்துகள் மழையோடு கழுவப்படும். யாழ்ப்பாணத்தைப் போன்ற சுண்ணாம்புப் பாங்கான நிலத்தில் நாகமும் இரும்பும் மண்ணில் இருந்தாலும் பயிரின் வேருக்கு இலகுவில் கிடைப்பதில்லை.

நாம் செய்யக்கூடியவை

1. வேலியையே தீனியாக்குங்கள். காணிக்கு எப்படியும் வேலி அடைக்க வேண்டும். மாரி தொடங்கும்போது சீமைக்கிளுவை, முள்முருக்குக் கதியால்களை நடுங்கள். இடையில் அகத்தியும் முருங்கையும் வையுங்கள். இவற்றின் குழையில் புல்லை விடக் கனியுப்பும் புரதமும் அதிகம். கதியால் நன்றாக வேர்விடும் வரை, ஏறத்தாழ ஒரு வருடம், குழை வெட்ட வேண்டாம்.

2. மூன்று கட்டுத் தீனியில் இரண்டு புல், ஒன்று குழை என்று கலந்து கொடுங்கள். சீமைக்கிளுவையின் மணத்துக்கு மாடு முகம் திருப்பினால், குழையை அரை நாள் வாடவிட்டுக் கொடுங்கள். இப்பில் இப்பில் குழையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம். மிஞ்சினால் மயிர் உதிரும், கழுத்தும் வீங்கலாம்.

3. புல்லை இளமையில் வெட்டுங்கள். கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட கோ-3 புல்லை, முதல் வெட்டுக்குப் பிறகு ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டலாம். கனியுப்பு தண்டை விட இலையிலேயே அதிகம். முற்றவிட்டால் தண்டுதான் மிஞ்சும்.

4. எருவை மண்ணுக்கே திருப்பிக் கொடுங்கள். மக்கிய எரு நுண்போசணைகளைப் பயிர் எடுக்கக்கூடிய நிலையில் வைத்திருக்க உதவும். சுண்ணாம்பு நிலத்தில் அடுப்புச் சாம்பலைப் புல்லுக்குப் போட வேண்டாம். அது நாகம் கிடைப்பதை இன்னும் குறைக்கும். நாகம் கலந்த உரம் வாங்குமுன் விவசாயப் போதனாசிரியரிடம் மண்ணைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

5. தீனி மட்டும் எல்லாக் குறையையும் தீர்க்காது. வளர்ந்த பசுவுக்கு நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டி அயடீன் கலந்த சமையல் உப்பைத் தவிட்டில் கலந்து கொடுங்கள். குடிக்கத் தாராளமாகத் தண்ணீர் வையுங்கள். முடிந்தால் நக்குவதற்குக் கனியுப்புக் கட்டி ஒன்றைப் பட்டியில் நனையாத இடத்தில் கட்டிவிடுங்கள். செம்பு மருந்தை வைத்தியர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். அளவு கூடினால் நஞ்சாகும். ஆடுகளுக்கு, முக்கியமாகச் செம்மறிக்கு, அது இன்னும் ஆபத்து.

கவனம்!

நல்ல புல் தெரிகிறது என்று கண்ணிவெடி அகற்றப்படாத காணிக்குள் போக வேண்டாம். சிவப்பு எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் மாடு போய்விட்டாலும் பின்னால் போகாதீர்கள். பிள்ளைகளை அனுப்பவும் வேண்டாம். கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். வேலியில் குழை இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டிய தேவையே குறையும்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

• எங்கள் வேலியில் மாட்டுக்கு ஆகும் மரம் எத்தனை?
• எங்கள் பசு கடைசியாகக் கன்று போட்டது எப்போது?
• இந்த மாரிக்குக் கதியால் யாரிடம் வாங்கலாம்?