எழுத்துவழிக் குறிப்பும் கைவாகும்: சிட்டிலிங்கி லம்பாடிப் பூத்தையலை முன்வைத்து

தருமபுரி மாவட்டம் அரூர்ப் பகுதியில், கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு இடையே அமைந்தது சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. இங்கு வாழும் லம்பாடி மக்களிடையே கண்ணாடி பதித்த பூத்தையல் வழக்கொழியும் நிலையை அடைந்திருந்தது. 2006இல் மருத்துவர் லலிதா ரெஜியின் முயற்சியால் தொடங்கப்பட்ட ‘பொர்கை’ அமைப்பு அதற்கு மீண்டும் உயிரூட்டியது. லம்பாடி மொழியில் பெருமிதம் எனப் பொருள்படும் பெயர் இது. மீட்பிற்கு மூலமாக அமைந்தது ஏடன்று. தையல் அறிந்திருந்த மிகச் சில மூதாட்டியரின் கைகளே. தனக்கென வரிவடிவம் இல்லாத மொழியைப் பேசுவோரிடம் இது இயல்பே எனத் தோன்றலாம். ஆயின் எழுதிய குறிப்பு இருந்திருப்பின் அதுவே போதுமாயிருந்திருக்குமா என்பது ஆராயத்தக்கது.

கண்ணாடித் தையலையே சான்றாகக் கொள்ளலாம். துளையில்லாத கண்ணாடித் துண்டைத் துணியில் நிறுத்த, முதலில் அதன்மேல் நெடுக்கும் குறுக்குமாக நூலிட்டு ஒரு கட்டம் அமைப்பர். பின்னர் அந்நூல்களையும் துணியையும் மாறிமாறிக் கோத்து விளிம்பைச் சுற்றித் தைப்பர். எழுதிக் காட்டினால் இவ்வளவே. ஆனால் சுற்றுத்தையல் அடிநூல்களை வெளிநோக்கி இழுத்துவிடும். ஆதலின் அவற்றை விளிம்பிலிருந்து உள்தள்ளி, சற்று இறுக்கமாகவே இடவேண்டும். புதிதாகப் பயில்பவர் விளிம்பருகே இடுவார். அப்போது பிழை புலப்படாது. சுற்று முடியும் தறுவாயில் கண்ணாடி நழுவும். அவரோ பிழையைத் தாம் இறுதியாக இட்ட தையலில் தேடுவார். ‘சற்று இறுக்கமாக’ என்னும் தொடர், அவ்விறுக்கத்தை முன்னரே விரல்களில் உணர்ந்தவருக்கே பொருள் தருகிறது. ஊசி பழகியவர் அதே குறிப்பைப் படித்துக் கற்றுக்கொள்வதும் மற்றவர் திணறுவதும் இதனாலேயே. இதனைப் படிப்புத்திறக் குறைவு எனல் பொருந்தாது.

மைக்கேல் பொலானி 1958இல் வெளியிட்ட நூலில், ஒரு தலைமுறைக் காலம் பயிலப்படாத கலை முற்றிலும் மறையும் என்றார். சிட்டிலிங்கித் தையல் ஏறத்தாழ அவ்வெல்லையில் நின்றிருந்தது. சொல்லில் அடங்காத இத்தகைய அறிவை ‘உள்ளுறை அறிவு’ எனலாம். அகப்பாடலின் உள்ளுறையும் கேட்போரின் முன்னறிவின்றித் திறவாது. எனினும் பேச்சுவழக்கின் ‘கைவாகு’ இதற்கு இன்னும் நெருக்கமானது.

கைவினை ஆவணங்கள் பெரும்பாலும் துணியின் முன்பக்க ஒளிப்படம், தையற்பெயர் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. நூலோட்டத்தைக் காட்டும் பின்பக்கமும், பயில்பவரின் பிழையும், எக்கணத்தில் மூத்தவரின் கை குறுக்கிடுகிறது என்பதும் விடுபடுகின்றன. கற்பித்த தலைமுறை உள்ளபோதே பதியத்தக்கவை இவை.