புதிதாக வருபவருக்கு ஏன் இடமில்லை?

கேள்வி: பலர் சேர்ந்து ஆடும் இணைய ஆர்பிஜி விளையாட்டுகளில், புதிதாக வருபவர்களைப் பழைய ஆட்கள் குழுவில் சேர்ப்பதே இல்லையே, ஏன்?

பதில்: உங்கள் மேல் தவறில்லை. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் வெளியான ‘ராத் ஆஃப் தி லிச் கிங்’ காலத்தில் ஒரு ரெய்டுக்கு, அதாவது பெரிய எதிரிகளைக் குழுவாக எதிர்க்கும் சவாலுக்கு, 10 பேர் அல்லது 25 பேர் வேண்டும். ஒருவர் பிசகினாலும் மொத்தக் குழுவும் மடியலாம். அந்தப் பயத்தில் பரவியதுதான் ‘கியர்ஸ்கோர்’. ஒருவர் அணிந்திருக்கும் ஆயுதத்தையும் கவசத்தையும் ஒரே எண்ணாக்கிக் காட்டும் ஆட்ஆன் (துணை மென்பொருள்) அது. எண் குறைந்தால் குழுவில் இடமில்லை. குழுவில் சேராமல் எண்ணும் ஏறாது. அதே ரெய்டை ஏற்கெனவே முடித்ததற்குச் சான்று கேட்டவர்களும் உண்டு. முதன்முறை வருபவர் அதற்கு எங்கே போவார்? இதை அநியாயம் என்றே சொல்வேன்.

‘ஈவ் ஆன்லைன்’ கதை வேறு. அங்கே உளவு பார்ப்பதையும் குழுவின் சொத்தைச் சுருட்டுவதையும் ஆட்ட விதிகளே அனுமதிக்கின்றன. புதுமுகம் என்றாலே சந்தேகம் வருவதில் நியாயம் இருக்கிறது. அப்படியிருந்தும், ஆடுபவர்களே 2004-இல் தொடங்கிய ‘ஈவ் யூனிவர்சிட்டி’ புதியவர்களைச் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிறது.

‘ஃபைனல் ஃபேன்டசி 14’-இல், குழு ஆடும் களத்துக்கு ஒருவர் முதன்முறை வந்திருந்தால் மற்றவர்களுக்குக் கூடுதல் பரிசு கிடைக்கும். அதனால் உங்களை வரவேற்க அவர்களுக்கும் காரணம் இருக்கிறது. அங்கே தொடங்கிப் பாருங்கள். வார்கிராஃப்ட்தான் பிடிக்கும் என்றால், புதியவர் வரலாம் என்று அறிவிக்கும் கில்டுகளை, அதாவது ஆடுபவர்களின் நிலையான குழுக்களைத் தேடுங்கள். முதல் தடவை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரு கில்டு மறுத்தால் அடுத்ததைக் கேளுங்கள்.